ஒரே சார்ஜில்

எட்டு வருஷமாக அவளுடைய அண்ணன் அவள் புருஷனை ஒரு தடவைகூட மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. டிரைவர் என்பான். "வாங்க டிரைவர்." "டிரைவருக்கு இன்னும் கொஞ்சம் வை." செய்கிற தொழிலைத்தானே சொன்னேன், இதில் என்ன தப்பு என்று அவன் திருப்பிக் கேட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது அவனுக்குக் கைவந்த கலை. பிறந்த வீட்டுக்குப் போய்வந்த ஒவ்வொரு தடவையும் அவள் சமையலறையில் பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைப்பாள். புருஷனோ மறுநாள் விடிவதற்கு முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அவன் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவன். போக இருநூறு கிலோமீட்டர், வர இருநூறு. ஸ்டாண்டில் அவனுக்கு நெடுந்தூரம் என்றே பட்டப்பெயர். அந்த நெடுந்தூரம் ஒரு நாள் தன் டீசல் காரை விற்றுவிட்டு எலக்ட்ரிக் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அண்ணனுக்கு வந்ததே கோபம்! அவன் வைத்திருப்பது டீசல் வண்டிப் பட்டறை. சொந்தத் தங்கை வீட்டிலேயே எண்ணெய் மாற்ற வேண்டாத வண்டி வந்து நின்றால் அவன் சும்மா இருப்பானா?

"ஊருக்குள்ள பிள்ளைங்களை ஸ்கூல்ல விட்டுட்டு, காய்கறி வாங்கிட்டு வர்றவனுக்கு அது சரி. நாள் பூரா ரோட்டுல கிடக்கிறவனுக்கு ஆகுமா? பாதி வழியில படுத்துக்கும். டிரைவர்தான் தள்ளிக்கிட்டு வரணும்" என்றான். அன்றிலிருந்து அவள் பிறந்த வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் சொந்தக்காரர்கள் புருஷனைப் பார்த்து, தள்ளிக்கொண்டு வந்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

உண்மையில் வண்டி எங்கேயும் படுக்கவில்லை. விமான நிலையத்தில் ஆளை இறக்கிவிட்டு, திரும்பும் சவாரி வருவதற்குள் வண்டியைச் சார்ஜில் சொருகுவான். அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிடுவான். சீட்டைச் சாய்த்து ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் வண்டியும் தயார், அவனும் தயார். முன்பெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறவன் இப்போது நிமிர்ந்து வந்தான். நாளெல்லாம் ஓடுகிறவனுக்கு இந்த வண்டி பொருந்துமா என்றால், நடுவில் ஒரு தடவை நிறுத்திச் சொருகத் தெரிந்தவனுக்குத் தாராளமாகப் பொருந்தியது. விஷயம் அவ்வளவுதான். இதை அவள் அண்ணனிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இப்படி இருக்கும்போதுதான் அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி, விமான நிலையத்தையும் தாண்டி இருக்கிற பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காகித ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். அங்கே குரலை உயர்த்தியே ஆக வேண்டிய வேலை. அதனாலோ என்னவோ வீட்டில் மெதுவாகத்தான் பேசுவார். எதையும் இரண்டாம் தடவை கேட்கக் கூச்சப்படுவார். தேறிவிட்டார், கூட்டிக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சொன்னதும் அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். எங்கள் வண்டியிலேயே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறோம் என்றாள்.

அண்ணன் சிரித்தான். ஸ்பீக்கரில் இருந்ததால் பக்கத்தில் நின்ற புருஷனுக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது.

"கிட்டத்தட்ட நானூறு கிலோமீட்டர், பாப்பா. நடுவுல எங்கயும் சொருகாம என் வீட்டு வாசல்ல வந்து நிக்கட்டும். அன்னைக்கு உன் வீட்டுக்காரரை நாலு பேர் முன்னாடி வாயாற மாப்பிள்ளைன்னு கூப்பிடுறேன். இதே வண்டியை நானும் வாங்குறேன்."

புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வழியில் ஒரு தடவை சொருகிக்கொள்வோம், அவர் என்ன வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்றுதான் அவன் சொல்லியிருப்பான். சொல்ல அவள் விட்டால்தானே.

"சரிண்ணா. போன்ல லொகேஷன் போட்டு விடுறேன். நிக்கிறோமான்னு பார்த்துக்கிட்டே இருங்க" என்றாள்.

டாக்டர் சொன்னது ஒன்றும் புரியாத பாஷை இல்லை. உடம்பு சூடாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி நிறுத்தி இறக்கிக் காலை நீட்ட விடுங்கள், மூச்சு வாங்கினால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார். அவள் தலையாட்டினாள். ஆஸ்பத்திரியில் காகிதங்களை முடித்துக் கையில் கொடுக்கும்போது உச்சி வெயில். இனி நாளைக் காலையில் கிளம்பலாமா என்று புருஷன் கேட்டான். அண்ணன் பயந்துட்டீங்கன்னு சொல்லுவான் என்றாள் அவள். அப்பாவும் வீட்டுக்குப் போய்விடலாமே அம்மா என்றார். கிளம்பிவிட்டார்கள்.

வண்டி முழுச் சார்ஜில் நானூற்றைம்பது போகும் என்று விற்றவன் சொன்னான். விற்கிறவன் வாய் எதைத்தான் சொல்லாது? ஏசியைப் போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டினால் முந்நூற்றைம்பது தேறுவதே பெரிய பாடு என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியும். தூரத்தைக் கூட்டுவதற்கு நாளெல்லாம் ஓடுகிறவர்கள் செய்கிற வித்தைகள் சில உண்டு. வேகத்தை அறுபதைத் தாண்ட விடக் கூடாது. ஏசி பேட்டரியைக் குடிக்கும், அதை நிறுத்திவிட வேண்டும். கண்ணாடியைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்கும், அதையும் ஏற்றிவிட வேண்டும். தனியாகக் காலி வண்டியில் வரும்போது இடுப்பில் ஒரு துண்டோடு உட்கார்ந்து, வியர்வையில் குளித்துக்கொண்டு இப்படி ஓட்டி விளையாடுவார்கள். பின் சீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு எவனாவது ஓட்டுவானா? அன்றைக்கு ஓட்டினான்.

பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத் தாண்டிப் போயின. அண்ணன் நடுநடுவே போன் செய்து, எத்தனை பர்சென்ட் என்று கேட்டான். அப்பா எப்படி இருக்கிறார் என்று முதல் தடவை கேட்டான். அப்புறம் அதை மறந்துவிட்டான்.

பாதி தூரம் வந்திருப்பார்கள். "அம்மா, கொஞ்சம் ஜில்லுனு காத்து வருமா?" என்றார் அப்பா. புருஷன் ஏசியைப் போட்டான். உள்ளே குளிர்ந்தது. அப்பா கண்ணை மூடி, அப்பாடா என்றார். அவள் கண் மட்டும் வண்டியின் திரையை விட்டு நகரவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று காட்டுகிற எண் மளமளவென்று இறங்கியது. போக வேண்டிய தூரத்தைவிட அது கீழே போய்விட்டது. புருஷன் கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. அவள்தான் கையை நீட்டி ஏசியை நிறுத்தினாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா கண்ணாடியையாவது இறக்கச் சொன்னார். இரண்டு விரல் அகலம் இறக்கினாள். எண் மறுபடி குறைந்ததைப் பார்த்து, அனல் அடிக்குதுப்பா என்று ஏற்றிவிட்டாள்.

வழியில் ஒரு சார்ஜ் நிலையம் இருந்தது. புருஷன் தினமும் கடந்து போகிற இடம். கூரை நிழல், குடிக்கத் தண்ணீர், உட்கார பெஞ்சு எல்லாம் உண்டு. ஒரு டீ குடித்து, அப்பாவை நாலு எட்டு நடக்கவிட்டு வந்தால் வீடுவரைக்கும் ஏசி போட்டுக்கொண்டு ராஜா மாதிரி போகலாம். புருஷன் இன்டிகேட்டரைக்கூடப் போட்டுவிட்டான். "அண்ணன் பார்த்துக்கிட்டு இருப்பான்" என்றாள் அவள். இன்டிகேட்டரை அணைத்துவிட்டான். என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் அப்படிச் சொல்ல வரும்!

அதற்கும் அப்புறம்தான் அப்பா மூன்றாவதாகக் கேட்டார். ஒரு மரத்தடியில் நிறுத்தச் சொல்லம்மா என்றார். குரல் பாதிதான் வந்தது.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்பா. கொஞ்சம் பொறுத்துக்குங்க. அண்ணன் வீடு வந்துடும்" என்றாள்.

அப்பா அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று அவள் நினைத்தாள். நினைத்துக்கொண்டாள் என்பதுதான் சரி. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். திரையில் எண் ஒன்றொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத்தான் பார்த்தாள்.

அண்ணன் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. அண்ணன், அண்ணி, அக்கம்பக்கத்தார், பட்டறை ஆட்கள் என்று ஒரு சின்னக் கூட்டமே நின்றது. வண்டியில் இரண்டு சதவீதம் மிச்சம். அண்ணன் டிரைவர் பக்கம் வந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திரையைப் பார்த்தான். பிறகு தங்கை புருஷன் தோளில் கையைப் போட்டு, "ஜெயிச்சுட்டீங்க மாப்பிள்ளை" என்றான். நாலு பேருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினான், அதில் குறை சொல்ல முடியாது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வண்டியை விட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எட்டு வருஷத்துச் சந்தோஷத்தை ஒரே நாளில் அனுபவித்துவிட வேண்டும் என்பது போல நின்றாள். பின் கதவைத் திறந்தது அண்ணிதான். "மாமா, எழுந்திருங்க, வீடு வந்துடுச்சு" என்றாள். பிறகு இன்னொரு தடவை மாமா என்றாள். அந்த இரண்டாவது குரல் வேறு மாதிரி இருந்தது.

தெருக்கோடி டாக்டர் வந்து பார்த்தார். உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார். அண்ணன் அப்பாவின் சட்டையைத் தொட்டுப் பார்த்தான். பிழிந்தால் சொட்டும்போல் இருந்தது.

"ஏன் இப்படி நனைஞ்சிருக்கு? ஏசி ஓடுச்சா, பாப்பா?"

"ஓடுச்சுண்ணா. கிளம்பினதுலேர்ந்து ஓடுச்சு. தூங்கிட்டேதான் வந்தார்."

புருஷன் பக்கத்தில்தான் நின்றான். வாயைத் திறக்கவில்லை. இதயம் நின்று போகும்போது இப்படி வேர்த்துக் கொட்டும் என்று டாக்டரே சொன்னார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். யார் சொன்னது? அந்தப் பொய் நானூறு கிலோமீட்டர் ஓடியது. துக்கம் கேட்க வந்த ஆண்கள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்ததும், ஏசி போட்டுக்கொண்டே ஒரே சார்ஜில் வந்துவிட்டதாமே என்று கேட்டார்கள். புருஷன் முதலில் தலையை மட்டும் ஆட்டினான். பிறகு, ஓட்டுகிற விதத்தில் ஓட்டினால் வரும் என்றான். மாதம் இரண்டு போவதற்குள் அவனே நம்பிவிட்டான். ஸ்டாண்டில் இளவட்டங்களுக்குச் சொல்லும்போது, மாமனாருக்குக் குளிருமே என்று ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைத்ததாகக்கூடச் சேர்த்துக்கொண்டான். அவள் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாள். ராத்திரி படுத்தால் மட்டும், அந்த அப்பாடா காதில் விழும்.

அண்ணன் மாறித்தான் போனான். சொன்னபடி அதே வண்டியை வாங்கினான். அப்பா கடைசியாகச் சுகமாக வந்த வண்டி என்று வருகிறவர்களிடம் சொல்லிக் கண் கலங்கினான். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகள் இரண்டையும் ஏற்றிக்கொண்டு பெரிய நகரத்துக்குப் போனான். திரும்பும்போது, தாத்தா வந்த மாதிரியே நாமும் நிற்காமல் வீடு போய்ச் சேருவோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறான்.

அன்று மத்தியானம் அவளுக்குப் போன் வந்தது.

"பாப்பா, வண்டி நின்னுடுச்சு. வீட்டுக்கு இன்னும் அம்பது கிலோமீட்டர் இருக்கு."

"வேகமா ஓட்டியிருப்பீங்கண்ணா" என்றாள்.

"அறுபதைத் தாண்டல. உன் வீட்டுக்காரர் சொன்ன மாதிரியேதான் ஓட்டினேன். ஏசி மட்டும் போட்டிருந்தேன்."

பட்டறை வைத்திருக்கிறவன். கணக்கு அவனுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் அவன் பிள்ளைகளில் ஒன்று, வேர்க்குதுப்பா என்று சிணுங்குவது கேட்டது.

"அன்னைக்கு நீங்க ஏசி போடல" என்றான் அண்ணன். "அப்பா கேட்டாரா?"

இன்னொரு பொய் வாய்வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"கேட்டார். போட்டோம். நான்தான் நிறுத்தினேன்" என்றாள்.

வாசலில் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷன், யார் மச்சானா, வந்து சேர்ந்துவிட்டாரா, எவ்வளவு மிச்சமாம் என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான்.

"வரல. வழியிலேயே நின்னுடுச்சாம்" என்றாள்.

அவன் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தான்.

"வண்டியை வாங்கிட்டா ஆச்சா? அதுக்கெல்லாம் ஓட்டத் தெரியணும்."

அவள் போனை இன்னும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.