கல்லு மாறிட்டு

பாளையங்கோட்டையில் கிருபைராஜை ‘சார்’ என்று கூப்பிடாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவர் மனைவி பியூலா; அவளுக்கு அவர் ‘ஏங்க’. இன்னொருவர் மேலப்பாளையம் நாசர், அவருக்கு ‘வே’. மற்றபடி பஸ் கண்டக்டர் முதல் பால்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் தமிழ் சார்தான்.

தமிழ் சாருக்குக் கல் பொறுக்குகிற கிறுக்கு உண்டு. சனிக்கிழமை விடிந்தால் போதும், அம்பாசமுத்திரம் பஸ் ஏறிப் போய் மலையடிவார ஓடைகளில் நாசரோடு குனிந்தபடி நடப்பார். நாசர் மோதிரக்கல் தீட்டுகிறவர். அகீக்கு என்கிற செம்மணிக்கல் மோதிரம் என்றால் மேலப்பாளையத்தில் அவர் பட்டறைக்குத்தான் வருவார்கள். கண்ணாடியைக் கீறுகிறதா, காந்தத்துக்கு மசிகிறதா, ஓட்டின் பின்பக்கத்தில் உரசினால் எந்த நிறத்தில் கோடு விழுகிறது என்கிற மூன்றே சோதனையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உலகத்துக் கல்லுக்கெல்லாம் ஜாதகம் எழுதிவிடுவார்கள். வைடூரியம் என்று மடியில் கட்டிக்கொண்டு வந்தது கடைசியில் சோடா பாட்டில் துண்டாக முடிந்ததும் உண்டு.

இந்தத் தடவை கிடைத்தது அப்படிப்பட்டதல்ல. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. ஓடைத் தண்ணீரில் கழுவியதும் கத்தரிப்பூ நீலத்தில் மினுங்கியது. கண்ணாடியைக் கீறியது. காந்தம் அதைச் சீண்டவில்லை. ஓட்டில் வெள்ளைக் கோடு.

“நீலக்கல்லாவே?” என்றார் கிருபைராஜ்.

“மேல் தோலு சொரசொரன்னு கெடக்கு, உள்ள ஒண்ணும் தெரியல. ரெண்டு பக்கமும் தட்டையா தேய்ச்சாத்தான் சொல்ல முடியும். குடும், பைய பாத்துத் தாரேன்” என்றார் நாசர். மூத்த மகள் ஹம்னாவுக்கு நிக்காஹ் வைத்திருந்த நேரம். அந்த ஓட்டத்திலும் சிநேகிதனின் கல்லை வாங்கிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். கல்யாணத்துக்கு வாழ்த்துமடல் எழுதித் தருவது கிருபைராஜின் பொறுப்பு. ‘மணமகள் ஹம்னா’ என்பதற்கு எதுகை தேடிக்கொண்டே அவர் வீடு திரும்பினார்.

எதுகை கிடைப்பதற்கு முன்னால் நாசரின் போன் வந்துவிட்டது.

“வே, கல்லு மாறிட்டு.”

“என்னது?”

“மாறிட்டுவே. எனக்கே ஒண்ணும் வெளங்கல. நீரு நேர்ல வாரும்.”

கல்யாண வீட்டில் செருப்பு மாறுகிற மாதிரி மாறியதா? எவன் கல்லோடு மாறியது? வேறு ஒருவர் இந்த இடத்தில் பதறியிருப்பார், அவ்வளவுதான். தமிழ் சாருக்கோ இலக்கணம் வந்து குறுக்கே நின்றது. ‘மாறியது’ தன்வினை, ‘மாற்றினான்’ பிறவினை. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் அவர் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. “பானை உடைஞ்சிட்டு என்பான் களவாணிப்பயல். உடைச்சேன் என்று ஒருநாளும் சொல்லமாட்டான்.” பிள்ளைகள் சிரிக்கும். இப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டறையில் இரண்டு பேர் மோதிரத்துக்காகக் காத்திருந்தார்கள். நாசர் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு கல்லை எடுத்து நீட்டினார். தட்டையான வில்லை, தேய்க்கும்போது பிடிமானத்துக்கு ஒட்டிய அரக்கு ஓரம் முழுக்க அப்பியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் பால் ஊற்றாத டீத்தண்ணி மாதிரி வெளிறிய மஞ்சள்.

“இது என் கல்லு இல்லவே.”

“உம்ம கல்லுதான். என் கையில வச்சுத்தான் மாறிட்டு. அல்லா மேல ஆணையா எப்படின்னு தெரியல.” சொல்லிக்கொண்டே நாசர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தின் ஒரு மடிப்பைப் பிரித்தார்.

உள்ளே இருந்தது நீலம். நன்றாகத் தீட்டிய, பளிச்சென்ற நீலம். கிருபைராஜுக்கு ரத்தம் தலைக்கேறியது.

“மாறலவே” என்றார், வகுப்பறைக் குரலில். “மாத்திட்டீரு.”

காத்திருந்த இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாசரின் முகம் செத்துப்போனது. அந்த நீலத்தை மட்டும் எடுத்துக் கிருபைராஜின் உள்ளங்கையில் வைத்தார்.

“குடுக்கத்தான் எடுத்தேன். கொண்டு போரும்.”

போன பொருள் கைக்கு வந்துவிட்டது. சந்தோஷம்தான் வரக் காணோம். வீட்டில் அந்த நீலத்தையும், கையோடு வந்துவிட்ட மஞ்சளையும் வைத்துக்கொண்டு கிருபைராஜ் அதே மூன்று சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தார். நீலமும் கண்ணாடியைக் கீறியது, மஞ்சளும் கீறியது. இரண்டையும் காந்தம் கண்டுகொள்ளவில்லை. இரண்டும் வெள்ளைக் கோடுதான் போட்டன. ஜாதகப்படி இரண்டும் ஒன்றே. கண்ணுக்கோ ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு.

பியூலா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள்.

“ஏங்க, நான் ஒண்ணு கேக்கேன். ஏமாத்துதவன் நீலத்துக்குப் பதிலா இன்னொரு நீலத்தத்தான வைப்பான்? மஞ்சளையா கொண்டாந்து வைப்பான்?”

நல்ல கேள்விதான். குழப்பம் மட்டும் ஒரு சுற்றுப் பெருத்தது.

கடைசியில், ஓரத்தில் இன்னொரு தரம் உரசிப் பார்க்கலாமென்று மஞ்சள் கல்லில் அப்பியிருந்த அரக்கை பிளேடால் சுரண்டினார். அரக்கு முழுக்கப் போய்விட்டதா என்று பார்க்க முற்றத்து வெயிலில் கல்லை விளிம்பு வாட்டில் தூக்கிப் பிடித்தார்.

நீலம். கத்தரிப்பூ நீலம். ஓடையில் பார்த்த அதே நீலம்.

திருப்பினார். மஞ்சள். மறுபடி விளிம்பு. நீலம்.

“பியூலா! ஓடி வா! இது என்ன நெறம் சொல்லு.”

“நீலம்.”

“இப்ப?”

“மஞ்சள். இது என்னங்க, பச்சோந்தி மாதிரி!”

பள்ளிக்கூடத்து இயற்பியல் சாருக்குப் போன் போட்டார். “அயோலைட்டா இருக்கும் சார். பாக்குற தெசைக்கு ஒரு நெறம் காட்டும். அதோட குணமே அதுதான்” என்று அவர் சாவகாசமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கல் மாறவே இல்லை. யாரும் மாற்றவும் இல்லை. நாசர் தேய்த்தது மஞ்சள் தெரிகிற பக்கத்தை. நீலம் தெரிகிற ஓரத்தை அரக்கு மூடிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். கிருபைராஜுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் மேசைமேல் கிடந்த மற்ற கல் கண்ணில் பட்டது. அதை எடுத்து எப்படித் திருப்பினாலும் நீலம், நீலம், நீலம்தான். அப்படியானால் இது யாருடையது? செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஆட்டோ பிடித்து மேலப்பாளையம் போனார்.

பட்டறையில் நாசர் தனியாக இருந்தார். கிருபைராஜ் மூச்சு வாங்க வாசலில் நின்று கல்லைத் தூக்கிப் பிடித்தார்.

“இங்கன பாரும், மஞ்சள். இங்கன பாரும், நீலம். கல்லே அப்படித்தானாம்வே!”

நாசர் அதை வாங்கித் திருப்பினார். இன்னொரு தரம் திருப்பினார். கண் கலங்கிவிட்டது.

“அப்போ நான் கெடுக்கலையா? தேய்ச்ச சூட்டுல உம்ம கல்லு வெந்துபோச்சுன்னுல்லா நெனச்சேன். உம்ம மூஞ்சியில முழிக்க முடியாமத்தான் என் கையில கெடந்ததக் குடுத்தேன்.”

கிருபைராஜ் அந்த நீலத்தை மேசைமேல் வைத்தார். நாசர் இழுப்பறையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே அதே அளவில், அதே நிறத்தில் இன்னொன்று தனியாகக் கிடந்தது.

“ஹம்னா கம்மலுக்கு ஜோடியா வச்சிருந்தேன்” என்று சொல்லி இரண்டையும் சேர்த்து மடித்தார்.

“நீரு ஒண்ணையும் கெடுக்கலவே” என்றார் கிருபைராஜ். “நான்தான் கெடுத்துட்டேன்.”

நாசர் தலையசைத்தார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. எழுந்து, துணியால் தூசி தட்டி, வாடிக்கையாளர் உட்காருகிற நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க சார்” என்றார். “டீ சொல்லுதேன்.”