பதினோராவது வட்டம்

பெனிசிலின் ஊசிக்கு முன்னால் முன்கையில் ஒரு துளி மருந்தை ஏற்றி, அந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு அரைமணி நேரம் உட்கார வைப்பார்கள். தடிக்காவிட்டால்தான் முழு ஊசி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வருகிற குப்பத்து ஜனங்களுக்குத் தெரிந்ததெல்லாம், கையில் வட்டம் இருந்தால் உள்ளே விடுவார்கள் என்பதுதான். யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால்தானே தெரியும்!

தொண்ணூற்றாறில் ஒரு திங்கட்கிழமை, நர்ஸ் வச்சலா தன் சிவப்புப் பேனாவால் பத்துப் பேருக்கு வட்டம் போட்டாள். ஊசி போடும்போது பதினோராவதாக ஒருத்தி கையை நீட்டினாள். மீன்காரி அமிர்தவல்லி. சிப்பி கிழித்த கால் சீழ் வைத்திருந்தது. அவள் கையிலிருந்த வட்டம் நீலம். வச்சலா அதைப் பார்த்தாள். வாசலில் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. கேட்க வாயெடுத்தவள், கேட்காமலேயே ஊசியைப் போட்டுவிட்டாள்.

ஐந்தே நிமிடத்தில் அமிர்தவல்லிக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. மாற்று மருந்து போட்டும் கேட்கவில்லை. செங்கல்பட்டுக்குக் கிளம்பிய வண்டி திருக்கழுக்குன்றத்தைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

வண்டி திரும்பி வந்ததும், அவள் புருஷன் தாண்டவராயன் ஆஸ்பத்திரி வராந்தாவில் விழுந்து, வலது கையைத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டான்.

"நான்தான் கொன்னுட்டேன் சிஸ்டர்! மீனு கெட்டுப் பூடும், சீக்கிரம் போவணும்னு நானே பேனா வாங்கி அவ கையில போட்டேன். எல்லார் கையிலயும் கீதேன்னு போட்டுட்டேன்!"

ஹெட் நர்ஸ் ஷீலா வச்சலாவை ஓரமாக இழுத்துப் போனாள். "அவனே ஒத்துக்கிட்டான். நீ தப்பிச்சே. வேலை பர்மனென்ட் ஆவுற நேரம், வாயத் தொறக்காத."

ஒரு கணம் வச்சலாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது. இந்த மனுஷன் இனி சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்தக் கையைத்தானே பார்ப்பான்? வேலை போய்விடும் என்று பயமாக இருந்தது. இருந்தும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, என் பேனா செவப்பு. அவங்க கையில இருந்தது நீலம். நான் போட்டதில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேக்காம ஊசி போட்டேன்."

தரையில் அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அவன் மெல்ல நிமிர்ந்து பார்த்தான்.

"பாத்துட்டா போட்ட?"

"ஆமாம்" என்றாள்.