சத்தமே போடாத பெட்டி

கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் புது கேம் கன்சோலைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வெள்ளை வெளேரென்று, தடித்த புத்தகம் ஒன்றின் அளவில், மேசைமேல் வரிசையாக நான்கு இருந்தன. நான்கும் வெறும் கூடு. உள்ளே ஒரு சின்ன விளக்கும், தூக்கிப் பார்ப்பவர்களுக்குக் கனம் தெரியட்டும் என்று ஒட்டிய இரும்புத் தகடும் தவிர ஒரு மண்ணும் கிடையாது. திரையில் ஓடிய கார் ஓட்டும் ஆட்டம் பின்சுவருக்குள் மறைத்து வைத்திருந்த நான்கு பெரிய கம்ப்யூட்டர்களிலிருந்து வந்தது. அவற்றோடு சேர்த்து ஒரு டெக்னீஷியனையும் மறைத்து வைத்திருந்தார்கள். அவள்தான் இந்தக் கதைக்கு உரியவள்.

சுவர் என்றால் ப்ளைவுட் சுவர். முன்னும் பின்னும் பலகை, நடுவில் எட்டடி நீளத்துக்கு ஒரு சந்து. இடுப்பில் கை வைத்து நின்றால் இரண்டு முழங்கையும் இடிக்கும். ஒரு ஸ்டூல், ஒரு கீபோர்டு, வெளியே மேசையைக் காட்டும் ஒரு குட்டி மானிட்டர். யாராவது கன்சோலின் பொத்தானை அமுக்கினால் கூட்டுக்குள் விளக்கு எரியும். அதை மானிட்டரில் பார்த்து, ஒன்று, இரண்டு என்று எண்ணி, இவள் கீபோர்டைத் தட்டவேண்டும். 'இரண்டே வினாடியில் தயார்' என்று வெளியே ஆளுயர எழுத்தில் விளம்பரம் நின்றது. அந்த இரண்டு வினாடியை எண்ணத்தான் அவளுக்குச் சம்பளம்.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அக்காவின் கணவர். ஸ்டாலுக்கு அவர்தான் பொறுப்பாளர். முதல் நாளே அவள் கேட்டுப் பார்த்தாள்.

"அத்தான், இது ஏமாத்து இல்லையா?"

"யாரை ஏமாத்தறோம்? ஆறு மாசத்துல வரப்போற மெஷின் இப்படித்தான் ஓடும். கட்டப்போற வீட்டுக்கு முன்னாடியே படம் வரைஞ்சு காட்டறதில்லையா?"

"அந்தப் படத்துக்குள்ள யாரையும் குடி வைக்கிறதில்லையே அத்தான்."

"வாய் அப்படியே உங்க அக்கா வாய்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவளும் சிரித்தாள். அவள் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண்ணில்லை. போன வருடம் வேறொரு கண்காட்சியில் நடு ஆட்டத்தில் கம்ப்யூட்டர் நின்று திரை கறுத்துப்போய், அத்தான் மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதனால் இந்த முறை அவளே ஒரு வழி செய்திருந்தாள். கம்ப்யூட்டர் நின்றால் அடுத்த நொடி திரை தானாகவே ஒரு வீடியோவுக்கு மாறிவிடும். யாரோ பிரமாதமாக ஆடுவது போன்ற ஒன்பது நிமிட வீடியோ. ஆடிப் பதிவு செய்ததும் அவள்தான். கையில் கன்ட்ரோலர் வைத்திருப்பவருக்குத் தன் திறமை திடீரென்று கூடிவிட்டதாகத் தோன்றும். சந்தேகம் வராது. தன் திறமைமேல் யாருக்குத்தான் சந்தேகம் வருகிறது?

முதல் நாள் கூட்டத்தில் ஒரு பத்திரிகைக்காரர் சுவரில் காதை வைத்து, "மெஷின் சத்தமே போடாதுங்கறீங்க. இங்க என்ன இரையுது?" என்று கேட்டுவிட்டார். இரைந்தது கம்ப்யூட்டர்களின் மின்விசிறிகள். அதோடு விட்டதா? பிற்பகலில் சுவருக்குள்ளிருந்து அவளுடைய போன் வேறு அடித்தது. மாலையில் ஒரு புகைப்படக்காரர் சாய்ந்ததில் கதவுப் பலகை தானாகத் திறந்துகொண்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் தாங்கும் என்பார்கள். இவர்களுடையது எட்டு மணி நேரத்துக்கே தள்ளாடியது.

மறுநாள் காலை அவள் வந்தபோது சந்தின் உட்புறம் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தது. சூடு வெளியேற மேலே விட்டிருந்த திறப்பைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். கதவுக்கு வெளியே தாழ்ப்பாளும் பூட்டும் புதிதாக வந்திருந்தன. அத்தான் கையை நீட்டி அவள் போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"காத்து எப்படி அத்தான்?"

"மணிக்கு ஒருதரம் நானே வந்து திறந்துவிடறேன். இன்னைக்கு சேர்மன் வர்றார். கொஞ்சம் அனுசரிச்சுக்கோம்மா."

பத்து மணிக்குப் பூட்டினார். பதினொன்றுக்கு வரவில்லை. கூட்டம் அதிகமாக இருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பதினொன்றரைக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கம்ப்யூட்டர்களின் சூட்டளவு மானிட்டரின் மூலையில் தெரிந்தது. அந்த எண் ஏறுவதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்து அதையே பார்த்தாள். ஸ்பாஞ்சின் பசை வாடை நாக்கில் கசந்தது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் பாதிதான் உள்ளே போனது.

பயம் அப்போதுதான் வந்தது. எழுந்து கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தட்டினாள். ஸ்பாஞ்சு அடியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. ஸ்டூலைத் தூக்கி முன்பலகையில் ஓங்கி ஓங்கி மோதினாள். மானிட்டரில், மேசை முன்னால் நின்ற ஓர் இளைஞன் கண்களை அகல விரித்து நண்பனிடம் சொன்னது பலகை வழியே மங்கலாகக் கேட்டது.

"சுவரே அதிருதுடா! சவுண்டு பார்த்தியா? வாங்கினா இதைத்தான் வாங்கணும்."

அவள் ஸ்டூலைக் கீழே வைத்தாள்.

அடுத்து வந்தது வேறு வாடை. பிளாஸ்டிக் உருகும் வாடை. குனிந்து பார்த்தாள். நான்கு கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் போகும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒரு மூலையில் குழைந்து வளைந்திருந்தது. அதன்மேல் பட்டிருந்த ஸ்பாஞ்சின் ஓரம் சிவப்பாகக் கனன்றது. கனலுக்கு மேலே புகை ஒரு நூலாக எழும்பியது. இந்த ஸ்பாஞ்சுப் புகையை நாலு இழுப்பு இழுத்தால் ஆள் எழுந்திருக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தீயணைப்புப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சந்துக்குள் பூட்டிவைத்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

மெயின் பிளக்கைப் பிடுங்கினாள். மின்விசிறிகள் நின்றன. மானிட்டர் அணைந்தது. கும்மிருட்டில் அந்தச் சிவப்பு மட்டும் தெரிந்தது. தண்ணீர் பாட்டிலை அதன்மேல் கவிழ்த்தாள். உஸ்ஸென்று சீறி அணைந்தது. ஆனால் புகை எங்கே போகும்? அவளைப் போலவே அதற்கும் வழியில்லை.

இனிப் பரவாயில்லை என்று நினைத்தாள். நான்கு திரையும் கறுத்திருக்கும். கூட்டம் கத்தும். அத்தான் அலறி அடித்துக்கொண்டு ஓடி வருவார். மூக்கைச் சட்டையால் பொத்திக்கொண்டு பூட்டுச் சத்தத்துக்குக் காத்திருந்தாள். வெளியே கார் உறுமும் சத்தம் கேட்டது. நான்கு கார்கள், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி.

அவளுடைய வீடியோ. அது மேசைக்கு அடியில் தனிப் பெட்டியிலிருந்து, தனி மின்சாரத்தில் ஓடுவது. திரை ஒருபோதும் கறுக்கக்கூடாது என்று ராப்பகலாக உட்கார்ந்து அவள் கட்டியது. தன் வினை தன்னைச் சுடும் என்பதைப் பெரியவர்கள் சும்மா பேச்சுக்குச் சொன்னதாகத்தான் அவள் இதுவரை எண்ணியிருந்தாள்.

தரையில் படுத்து, கதவின் அடியில் ஸ்பாஞ்சைப் பிய்த்து, மூக்கை அங்கே வைத்தாள். இழை போலக் காற்று வந்தது. கத்தினால் மூச்சு செலவாகும். கத்தினாலும் கார்ச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அப்போதுதான் நினைவு வந்தது. வீடியோவின் நான்காவது நிமிடத்தில் கார் ஏரிக்குள் பாயும். தண்ணீருக்கடியில் பன்னிரண்டு வினாடி எந்த ஒலியும் இல்லை. பிளக்கை ஒரே இழுப்பில் பிடுங்கியதால் நான்கு திரையிலும் அது ஒன்றாகவே வரும். அந்தப் பன்னிரண்டு வினாடிதான் தனக்கு இருப்பது என்று கண்டுகொண்டாள். சத்தத்தை வைத்துப் பார்த்தால் சுரங்கப்பாதை முடிந்தது. இனி மலைச்சாலை. அதன் பிறகு ஏரி.

அந்த நேரத்தில் வெளியே, கதவுக்குப் பக்கத்துத் திரையருகே, ஒரு பெண்ணின் கனத்த குரல் கேட்டது.

"ஏங்க, இங்க வாங்க. நான் கையை எடுத்துட்டேன். வண்டி தானா திரும்புது."

"அது ஆட்டோ டிரைவ் மேடம். புது வசதி." அத்தானின் குரல்.

"நான் இருபது வருஷமா பஸ் ஓட்டறேன். கையை விட்டா எந்த வண்டியும் இப்படி வளைவு எடுக்காது. இது படம்."

சுவருக்குள் அவளுக்கு உயிர் திரும்பியது. அத்தான் பார்த்துவிட்டார்! வீடியோ ஓடுகிறதென்றால் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது, கம்ப்யூட்டர் நின்றதென்றால் உள்ளே ஏதோ ஆகிவிட்டது. இது தெரிந்த ஆள் இந்த மண்டபத்திலேயே அவர் ஒருவர்தான். இதோ வந்துவிடுவார். சாவி அவர் இடுப்பில்தான் தொங்குகிறது.

அவர் வரவில்லை. "அடுத்த வளைவைப் பாருங்க மேடம், கிராஃபிக்ஸ் எப்படி இருக்கு!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மலைச்சாலை முடிந்தது. கார் பாய்ந்தது. மண்டபத்தின் அந்த மூலை சட்டென்று அடங்கியது. அவள் இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, கதவைக் காலால் உதைத்துக்கொண்டே அலறினாள்.

"அத்தான்! கதவைத் திறங்க அத்தான்! மூச்சு முட்டுது!"

அத்தான்தான் முதலில் பேசினார். குரலில் ஒரு சின்ன நடுக்கம், அவ்வளவுதான்.

"சரவுண்ட் சவுண்ட் மேடம். பின்னாடியிருந்து கூப்பிடற மாதிரியே இருக்கும்."

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கார் மேலே வந்தது. சத்தம் எல்லாவற்றையும் மூடியது. அவள் இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். புகையைவிட அந்த வார்த்தைதான் அவளைக் குலை நடுங்க வைத்தது. காது கேட்காதவரிடம் மறுபடி கத்தலாம். கேட்டவரிடம் என்ன செய்வது?

"எல்லாரும் அந்தப் பக்கம் போங்க! பரிசு குலுக்கல்!" என்று அத்தான் கூவினார். தடதடவென்று கால்கள் நகர்ந்தன. கூட்டத்தை அனுப்பிவிட்டு, யாரும் பார்க்காமல் திறக்கப்போகிறார் என்று புரிந்தது. அதுவரை தான் உயிரோடு இருக்கவேண்டுமே என்று நினைத்தாள். திரையில் கார் பாலத்தில் ஏறும் சத்தம் கேட்டது. பாலம் ஒன்றரை நிமிடம். கண்ணுக்குள் மஞ்சள் புள்ளிகள் பறந்தன.

பலகையில் மூன்று தட்டு. வெளியிலிருந்து. ஸ்பாஞ்சு பிய்த்த இடத்தில் அவளும் விரல் முட்டியால் மூன்று தட்டினாள்.

"உள்ள ஆள் இருக்கு. சாவி எங்க?" பஸ் ஓட்டுநர் நகரவே இல்லை.

"மேடம், அது ஒரு எஃபெக்ட்..."

"எந்த ஆட்டத்துலய்யா அத்தான்னு கூப்பிடறாங்க? சாவி எங்கன்னு கேட்டேன்!"

திரையில் கோபுரம் இடிந்து விழும் சத்தம் கேட்டபோது பூட்டு திறந்தது. வெளிச்சமும் காற்றும் ஒன்றாக முகத்தில் அறைந்தன. கதவு இடைவெளியை உடம்பால் மறைத்துக்கொண்டு அத்தான் குனிந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மெதுவா வாம்மா. இருமாதே. சேர்மன் அங்கதான் நிக்கறார்."

ஓட்டுநர் அவரைத் தோளால் தள்ளிவிட்டு, அவளை அக்குளில் கை கொடுத்து இழுத்து வெளியே போட்டாள். பின்னாலேயே புகை வந்தது. அவள் இருமினாள். குடலே வெளியே வந்துவிடும்போல, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி இருமினாள்.

முதலுதவி அறைக்கு அக்கா வந்தபோது மணி ஒன்று. பல் மருத்துவமனையில் வேலை செய்பவள், பச்சை உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள். தங்கையின் கரி படிந்த முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லையேடி? அவர் போன்ல சொன்னார். வாடை வந்த உடனே ஓடிப்போய்த் திறந்து, அவரே உன்னைத் தூக்கிட்டு வந்தாராமே? நல்லவேளை, அவர் பக்கத்துல இருந்தார்."

தங்கை ஆக்ஸிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அக்காவின் எட்டு வருடக் குடும்பம் அப்படியே இருக்கும். ஆனால் இன்னொரு நாள் வேறு எதற்காகவாவது அவர் ஒரு கதவைப் பூட்டி, உள்ளே அக்கா இருந்தால்? அதை நினைத்ததும் சந்துக்குள் வந்த அதே பயம் மறுபடி வந்தது.

"இல்லக்கா" என்றாள். தொண்டை ரணமாக எரிந்தது. "நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டுது. சவுண்ட் எஃபெக்டுன்னு சொல்லிட்டார். கூட்டத்தை அனுப்பப் பார்த்தார். அந்த பஸ் ஓட்டறவங்க விடலை. அதனாலதான் திறந்தார்."

அக்கா தடவுவதை நிறுத்தினாள்.

"நீ கூப்பிட்டதுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் கழிச்சுத் திறந்தார்?"

"நாலு நிமிஷம்."

"இருட்டுல கிடந்த உனக்கு எப்படிடி தெரியும்? பயத்துல ஒரு நிமிஷம்கூட நாலா தெரியும்."

"ஏரி, பாலம், கோபுரம். அந்த வீடியோவை எடுத்ததே நான்தானே அக்கா. நாலு நிமிஷம்."

அக்காவின் போன் அடித்தது. திரையில் அவர் படம். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அக்கா அதைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அறைக் கதவு திறந்திருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இன்னையிலேருந்து நான் உன் ரூமுக்கே வந்துடறேன்டி" என்றாள்.