துளசிமணி பிடித்திருந்த மூச்சு

துளசிமணிக்கு நடந்த அநியாயம் இதுதான்: கதிர்சிகிச்சை மேசையில் படுக்க வைத்து "மூச்சைப் பிடிங்க" என்றவர்கள், "விடுங்க" என்று சொல்லாமலே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நுரையீரலில் சுண்டைக்காய் அளவு கட்டி. ஆரம்ப நிலைதான், ஆனால் கத்தி வைத்தால் இதயம் தாங்காது. அப்படிப்பட்டவர்களை மருத்துவமனை இரண்டு குழுவாகப் பிரித்து, எந்தக் கதிர்முறை மேல் என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு குழுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் கதிர். அவர்கள் இஷ்டம்போல மூச்சு விடலாம். இன்னொரு குழுவுக்குச் சில நாளிலேயே முழு வீச்சில். கட்டி அசையக்கூடாது என்பதால் மூச்சைப் பிடித்தாக வேண்டும். துளசிமணி இந்தக் குழு.

சிகிச்சை முடிந்து வந்தவள் தோசை சுட்டாள், துணி துவைத்தாள், தூங்கினாள். பேச்சு மட்டும் இல்லை. பேசினால் பிடித்த மூச்சு போய்விடுமே. கல்லூரி விடுதியிலிருந்து மகள் பூவிழி வந்து நின்றபோதும் வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, நடந்ததை ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். பூவிழி பையைக்கூட இறக்கவில்லை. அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டாள்.

"ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வலிக்குதுங்களா?"

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒப்பீடுன்னா ரெண்டு குழுவும் சேர்ந்து முடியணும்மா. அந்தக் குழு இன்னும் முடிக்கலையே."

"அவங்க மட்டும் தாராளமா மூச்சு விடறாங்க. இது எந்த ஊரு நியாயம்?"

"அவங்க நெஞ்சுல ஏதும்மா அவ்வளவு மூச்சு? இவங்க பிடிச்சு வெச்சிருக்கறதைத்தான் அவங்க விட்டுட்டு இருக்காங்க."

"எங்கம்மாவோடதை யாரு விடறது?"

டாக்டர் வெளியே பெஞ்சைக் காட்டினார். கதிர் படவேண்டிய இடத்தில் மார்பில் மையால் போட்ட குறியோடு, அந்தக் குழுவைச் சேர்ந்த நாச்சிமுத்து என்ற பெரியவர் தன் முறைக்குக் காத்திருந்தார். அவர் மூச்சு விடும்போதெல்லாம் பூவிழி வீட்டுச் சுக்குமல்லிக் காப்பி வாசனை வந்தது.

"பெரியவரே, அது எங்கம்மாவோடது. கேட்டு வாங்குனீங்களா? திருப்பிக் குடுங்க."

அவர் துளசிமணியைப் பார்த்தார். துளசிமணி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலையசைத்தாள். பெரியவர் வாயைத் திறந்தார். வந்தது அம்மாவின் குரல்.

"சத்தம் போடாத கண்ணு. இவரு பாதிதான் முடிச்சிருக்காரு, பாவம். எங்கூடப் பேசோணும்னா சாயங்காலமா இவரு ஊட்டுக்கு வா."