கண்கட்டி யார் பேச்சைக் கேட்டது?

எதற்கெடுத்தாலும் கிராஃபைக் காட்டும் மேலதிகாரி கிராஃப் சார் மறுபடியும் அதே வேலையைத்தான் செய்தார். சோதனை தொடங்குவதற்கு முன், எல்லா போன்களையும் ஒரே சக்தியில் வைக்கச் சொன்னார். கேட்டதுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் சோதனைப் பிரிவு இன்ஜினியர். மொட்டை மாடியில் வரிசையாக நின்ற நான்கு ஆன்டெனாக்களோடு சேர்ந்த ரிசீவருக்கு ஆய்வகத்தில் கண்கட்டி என்று பெயர். மற்ற ரிசீவர்களுக்கு முதலில் ஓர் அடையாள சிக்னல் அனுப்பி, யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்கு அதெல்லாம் வேண்டாம். ஒரே அலைவரிசையில் பலர் கலந்து பேசினாலும் கண்ணைக் கட்டிவிட்ட ஆள்போல் தானே தேடிப் பிரித்தெடுக்கும். எல்லோரும் ஒரே சக்தியில் பேசினால்தான் இந்தச் சாமர்த்தியம். பக்கத்தில் ஒரு போன் பலமாகப் பேசினால், வெட்கமே இல்லாமல் அதன் பின்னால் போய்விடும்.

இன்று விலைபேச வந்து கீழே கூட்ட அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் இதை மலைச்சாலை செல்போன் கோபுரத்தில் வைக்கப்போகிறார்கள். அந்தச் சாலையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் அவளுடைய தம்பி. தூரத்து வளைவிலிருந்து அவன் கூப்பிடும்போது கோபுரத்தடியில் எவனாவது அரட்டையடித்தால், அவன் குரல் அம்போதான்.

"சார், தூரத்து போனை மட்டும் குறைச்சு வச்சு ஒரு தடவை காட்டிடலாம்."

"வந்தவங்க முன்னாடியா? கோபுரத்துல பவர் கன்ட்ரோல் எல்லாத்தையும் சமமாக்கிடும்மா. கிராஃபைப் பாரு, எவ்ளோ அழகா இருக்கு."

"மலை வளைவுல அது தடுமாறுச்சே சார். நாம ரெண்டு பேரும்தான பாத்தோம்?"

"வாயை மூடிக்கிட்டு மாடிக்குப் போ."

போனாள். மனுஷன் அழகைப் பார்க்கிறாராம், அழகை!

தெருமுனையில் அலுவலக டிரைவர் சோதனைக்காக ஒரு போனில் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். கண்கட்டி பிரித்தெடுத்த அவர் குரல் கீழே கூட்ட அறை ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது. கிராஃப் சார் பெருமையாக இருமியதுகூட மாடிப்படி வழியாக மேலே வந்தது. அவள் ஒரு சோதனை போனை எடுத்து, சக்தியை முழுசாக ஏற்றி, ஆன்டெனாக்களை ஒட்டி நின்றாள்.

"தம்பி, அக்கா பேசறேன். இனிமே நீ வண்டியில நோயாளியை வச்சுக்கிட்டு கத்தினாலும் இங்க யாருக்கும் கேக்காதுடா."

டிரைவர் குரல் கரகரத்து அடங்கியது. கீழேயிருந்து அவளுடைய குரலே படியேறி வந்தது. அதற்குப் பின்னாலேயே கிராஃப் சார், மூச்சு வாங்க.

"உனக்கு அறிவிருக்கா? இது தப்பு பண்ணும்னு எனக்குத் தெரியாதா? வாங்கிட்டுப் போனப்புறம் அவனுங்க பாடு. இப்ப இவனுங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

அவள் இன்னும் அணைக்காத போனை அவர் பக்கமாக நீட்டிப் பிடித்திருந்தாள்.

'இவனுங்களுக்கு எதுக்குத் தெரியணும்?' என்று கூட்ட அறையில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வந்தவர்கள் நாற்காலிகளைப் பின்னுக்குத் தள்ளி எழும் சத்தமும் கேட்டது.