நாலாம் நம்பருக்கு ஓகே

பதினோரு நாளாக நாலாம் நம்பர் பிரஸ் மிஷின் சில நேரம் பட்டனைத் தொடாமலே தானாக இறங்குகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனிக்கு டீ கொண்டுவருகிறவருக்குக்கூட இது தெரியும். தெரியாதது ஷிப்ட் புக்குக்கு மட்டும்தான். அதில் பதினோரு நாளும் ஓகே. பாதிக்கு மேல் என் கையெழுத்து.

எல்லாம் மேனேஜர் சம்பந்தம் போட்ட சட்டம். கோளாறு எழுதுகிறவர், மிஷின் ரிப்பேர் செய்யும் பிட்டர் ஏகாம்பரம் வந்து பார்க்கும்வரை வீட்டுக்குப் போகக் கூடாதாம். பொறுப்பு வளருமாம்! எங்கே வளர்ந்தது? எழுதுவதுதான் நின்றது. மூன்று யூனிட்டுக்கும் ஏகாம்பரம் ஒரே ஆள், ஆறு மணிக்கு முன்னால் வந்ததே இல்லை. அதனால் ஷிப்ட் மாறும்போது, "நாலு, பார்த்து" என்று காதோடு சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். போன வெள்ளிக்கிழமை எங்களை ஒரு மணிநேரம் நிற்கவைத்து, ஒற்றுமையாக வேலை செய்வது எப்படி என்று சம்பந்தம் வகுப்பெடுத்தார். கைதட்டினோம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இன்று ஐந்து மணிக்குத் திருநின்றவூர் மாதா கோயிலில் என் மகள் எவாஞ்சலினுக்கு, முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ஒத்திகை. போன இரண்டுக்கும் நான் போகவில்லை. "இன்னிக்கும் வரலன்னா உங்கூடப் பேசவே மாட்டேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்து, அடுத்த ஷிப்டில் நாலாம் நம்பர் ஓட்டும் பாபுவைப் பையோடு தேடினால், பாபு லீவு. அவன் இடத்தில் எழிலரசி என்று ஒரு புதுப்பெண். விரல்களில் மருதாணி இன்னும் போகவில்லை.

"நாலுல மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடும்மா."

"இன்னாக்கா பாக்கணும்?"

என்னவென்று சொல்வது? தானாக இறங்கும், அதற்குள் கையை எடுத்துவிடு என்றா? பாபுவிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், சிரித்துக்கொண்டே.

"புக்கப் பாத்துட்டேன்க்கா. ஓகேன்னு கீது. எதுனா இருந்தா நீங்க எழுதியிருப்பீங்கல்ல?"

சீ, என்ன பிழைப்பு இது. மெயினை அணைத்தேன். புக்கை வாங்கி, நாலாம் நம்பர் தானாக இறங்குகிறது என்று எழுதினேன். சம்பந்தம் வந்துவிட்டார்.

"இன்னிக்குத்தான் கெட்டுதா, ஹில்டாம்மா?"

"பதினோரு நாளா, சார்."

"ஓகே, ஓகேன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?"

அவர் போய்விட்டார். பிட்டர் வரும்வரை நான் போக முடியாது. மிஷின் முன்னால் காலி டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். பைக்குள் போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. எழிலரசி என் பக்கத்தில் நின்றபடி புக்கை முதலிலிருந்து புரட்டினாள். மருதாணி விரல் ஒவ்வொரு ஓகேயாகத் தொட்டு, பக்கத்திலிருந்த கையெழுத்தில் நின்று நின்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது.