மடைப்பள்ளி மூக்கும் கருவாட்டு வண்டியும்

அந்தப் பழைய பிக்கப் வண்டியை வாங்கிய அன்றைக்கு ஆராவமுதனுக்குக் கடுமையான ஜலதோஷம். வேறு எந்த நாளாக இருந்திருந்தாலும் எளாவூரில் சந்திரமோகனுடைய பழைய வண்டி யார்டு வாசலில் கால் வைத்ததுமே திரும்பி பஸ் ஏறியிருப்பார்.

அவர் திருவள்ளூர்ப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் இருபத்தெட்டு வருஷமாகத் தளிகை, அதாவது பெருமாளுக்கான சமையல், செய்கிறவர். பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன்னால் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பு, புளி, காரம், வேக்காடு எல்லாமே மூக்குதான் சொல்லும். புளியோதரையில் ஒரு சிட்டிகை உப்பு குறைந்தால்கூட ஆவியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்த மூக்கு அன்றைக்கு இரண்டு பக்கமும் அடைத்துக் கிடந்தது.

கோயில் வேலை போக, கல்யாணம் சீமந்தம் என்று வெளியிலும் சமையலுக்குப் போவார். அண்டாக்களையும் தவலைகளையும் ஏற்றிப் போக ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டிக்காரரைக் கெஞ்ச வேண்டியிருந்தது. அதனால்தான் மலிவாகச் சொந்த வண்டி ஒன்று.

"இஞ்சின் பூ மாரி சாமி," என்றார் சந்திரமோகன். "ஒரே கையில ஓடின வண்டி."

ஆராவமுதன் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டே சரி என்று தலையாட்டினார்.

கவரைப்பேட்டை வருவதற்குள் பின்னால் வெள்ளைப் புகை கிளம்பியது. கண்ணாடியில் பார்த்தால் சாலையே தெரியவில்லை. பெரியபாளையத்தைத் தாண்டியதும் வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. ஒரு டிராக்டர்காரர் இரக்கப்பட்டுக் கயிறு கட்டி இழுத்து வந்து, வீட்டை ஒட்டிய காலி மனையில் விட்டுவிட்டுப் போனார். போகும்போது அவரும் மூக்கைத் துண்டால் பிடித்துக்கொண்டதை ஆராவமுதன் கவனித்தார். பாவம், அவருக்கும் ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி கோதைநாயகி வாசலுக்கு வந்தவள், புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஏன்னா, இது என்ன வண்டி?"

"டீசல் வண்டி."

"டீசலா? கருவாடுன்னா! கருவாடு!"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அடுத்த வீட்டு ஹம்ஸா மாமி ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். தெருவுக்கே தெரிந்த விஷயம் ஆராவமுதனுக்கு மட்டும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை மடைப்பள்ளியில் மிளகு பொரிந்த நெடியில் நாலு தும்மல் போட்டதும் மூக்கு பளிச்சென்று திறந்துகொண்டது. சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தவர், தெருமுனை திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டார்.

"பெருமாளே!" என்றார் தெருவுக்கே கேட்கும்படி.

சந்திரமோகனுக்குப் போன் போட்டார்.

"கருவாடா? ஒரு தபா ரெண்டு தபா ஏத்தியிருப்பாங்கோ சாமி. வாசனைக்கு நான் இன்னா பண்ண முடியும்? இஞ்சினுக்கு வேணா ஒரு ஆளு சொல்றேன். பீட்டர்னு, கும்முடிபூண்டி ஸ்டீல் கம்பெனில ஃபிட்டர். லீவு நாள்ல ஊட்டுக்கே வந்து பாப்பாரு."

வாசனையைப் போக்கும் வேலையைக் கோதைநாயகி எடுத்துக்கொண்டாள். எதிர் மனையில் மாடு வைத்திருக்கும் அஞ்சம்மாளைத் துணைக்குக் கூப்பிட்டாள். கடப்பாரையால் வண்டியின் பின்தட்டிலிருந்த பலகைகளை நெம்பினார்கள்.

"உப்பு ஊறி ஊறிக் கெடக்குது மாமி," என்றாள் அஞ்சம்மாள். "இத்த அடுப்புல வெச்சா அக்கம்பக்கம் எல்லாம் தட்ட எடுத்துக்கினு வந்துடும்."

பலகைகள் ஊருக்கு வெளியே போயின. அடித்தகடு சீயக்காய், எலுமிச்சை, கொதிநீர் என்று மூன்று நாள் குளித்தது. அதோடு அந்த வாசனை ஒழிந்தது. இஞ்சின்தான் பாக்கி. வருகிற ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டையில் ஒரு சஷ்டியப்தபூர்த்திக்குச் சமையல் ஒத்துக்கொண்டிருந்தார். சொந்த வண்டியிலேயே பாத்திரங்களோடு வந்து இறங்குகிறேன் என்று பெருமையாக வேறு சொல்லிவிட்டிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் பீட்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும். தோளில் ரெஞ்சுகள் குலுங்கும் பை. வண்டியைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது பழவேற்காட்டுக் கருவாட்டு வண்டியாச்சே! இத்த வாங்கினது நீங்களா ஐயரே?"

"ஐயர் இல்ல, ஐயங்கார்."

"சரி சாமி. யாரா இருந்தா இன்னா, வண்டி அதே வண்டிதான்."

தள்ளி, குலுக்கி, ஒருவழியாக ஸ்டார்ட் செய்தார்கள். வெள்ளைப் புகை மனையை நிறைத்தது. பீட்டர் பார்த்தவுடன் சொன்னார்: "இன்ஜெக்டர் சாமி. டீசல் சரியா எரியல. கழட்டிக் கிளீன் பண்ணா போதும்."

ஆராவமுதன் மூக்கை லேசாகத் தூக்கினார். புகைக்குள் இரண்டடி நடந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பீட்டர், இதுல இனிப்பு இருக்கு."

"இன்னா இருக்குது?"

"இனிப்பு. அக்காரவடிசல் அடிப்பிடிச்சா ஒரு வாசனை வரும் பாருங்கோ, வெல்லம் தீயற வாசனை, அது."

பீட்டர் கோதைநாயகியைப் பார்த்தார். கோதைநாயகி வானத்தைப் பார்த்தாள்.

"சாமி, நான் இருவது வருஷமா இந்த வேல செய்யறேன். டீசல்ல வெல்லம் போட மாட்டாங்கோ."

"நான் இருபத்தெட்டு வருஷமா மோந்து பாக்கறேன். இது டீசல் மட்டும் இல்ல."

பீட்டர் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டு, தன் வழியிலேயே போனார். இன்ஜெக்டர்களைக் கழற்றினார், துடைத்தார், ஊதினார், மாட்டினார். மத்தியானமாகிவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தார்கள். மறுபடி அதே வெள்ளைப் புகை. ஆராவமுதன் ஒன்றும் பேசாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அப்படிப் பேசாமல் நின்றதுதான் பீட்டரைக் கிளறிவிட்டது.

"வெல்லம்னு சொன்னீங்களே," என்றார் மெல்ல. "தித்திப்பா? நெசமாவா?"

"சத்தியமா."

பீட்டர் ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்து டார்ச் அடித்தார். உள்ளே பச்சை நிறத் தண்ணீரில் குமிழிகள் வெடித்துக்கொண்டிருந்தன. விரலில் ஒரு சொட்டு எடுத்து ஆராவமுதன் மூக்கருகே நீட்டினார்.

"இதேதான்!"

"கூலன்ட்டு சாமி! இஞ்சின் சூடாவாம இருக்க ஊத்தறது. அது தித்திப்பாதான் இருக்கும். இஞ்சின் தலைக்கு அடியில அடைச்சிக்கினு இருக்கற கேஸ்கெட் தகடு போயி, கூலன்ட்டு உள்ள எறங்கி எரியுது." பீட்டர் நெற்றியில் அடித்துக்கொண்டதில் கிரீஸ் அப்பிக்கொண்டது. "காலைலயே சொன்னீங்க. நான்தான் கேக்கல."

கோதைநாயகி காபி கொண்டுவந்தாள். பீட்டர் கரியான கைகளைக் காட்டித் தயங்கினார்.

"கையை அலம்பிண்டு வாங்கோ, ஆறிடும்," என்று டம்ளரை பானெட்டின் மேல் வைத்தாள். வீட்டில் எல்லாரும் குடிக்கும் அதே பித்தளை டம்ளர்.

மாலைக்குள் இஞ்சினின் தலையைக் கழற்றிவிட்டார்கள். இரண்டாவது சிலிண்டர் ஓரத்தில் கேஸ்கெட் கருகி அப்பளம்போல உடைந்திருந்தது. பீட்டர் அந்த இரும்புத் தலையை ஆராவமுதனின் பழைய வேட்டியில் சுற்றி, பச்சைக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கும்மிடிப்பூண்டிக்குப் போனார். அங்கே லேத்துப் பட்டறையில் கொடுத்து மட்டம் சீவி, புது கேஸ்கெட்டோடு சனிக்கிழமை காலை வருவதாக ஏற்பாடு.

"அதுக்குள்ள இந்த பத்து போல்ட்டயும் மண்ணெண்ணெய்ல கழுவி வெச்சிடுங்க சாமி. எது எந்த எடத்துல இருந்துச்சோ அங்கதான் திரும்பப் போவணும். கலந்துடாதீங்க."

இதைக் கேட்டதும் ஆராவமுதனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வரிசை அவருக்கு ஒரு பெரிய விஷயமா? உப்பு எங்கே, ஊறுகாய் எங்கே, பச்சடி எங்கே என்று ஆயிரம் இலை பார்த்தவர். சனிக்கிழமை காலை குழாயடியில் உட்கார்ந்து போல்ட்டுகளைக் கழுவினார். மனையில் ஒரு வாழையிலையை விரித்து, நுனி இடப்பக்கம் வரும்படி வைத்து, போல்ட்டுகளைப் பரிமாறினார். நீளமானவை எட்டு, குட்டை இரண்டு என்று அவர் கணக்கு. தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே திருப்தியாக இருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து பீட்டரை அழைத்துவரக் கிளம்பினார்.

திரும்பி வந்தபோது அஞ்சம்மாளின் மாடு ராணி, வாழையிலையின் கடைசித் துண்டை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. போல்ட்டுகள் மண்ணில் நாலா பக்கமும் கிடந்தன.

இருவரும் மண்டிபோட்டுப் பொறுக்கினார்கள். ஒன்பதுதான் இருந்தது. குட்டை ஒன்றைக் காணவில்லை. மண்ணைச் சலித்தார்கள். வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி ராணியைப் பார்த்தார்கள். ராணி அசைபோட்டது.

"எம் மாடு இரும்பு துன்ற மாடு இல்ல!" என்று ஓடிவந்தாள் அஞ்சம்மாள். சொல்லிவிட்டு அவளுக்கே பயம் வந்துவிட்டது. "ஐயோ, துன்னிருக்குமா? போன வருசம் என் பொடவைய துன்னுச்சு!"

ஆராவமுதன் ராணியிடம் ஓடினார். பசு. அதுவும் தன் கையால் இலை போட்டு, அதில் இரும்பைப் பரிமாறி. "இஞ்சின் கெடக்கட்டும் பீட்டர். மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்கோ."

"இருங்க, முதல்ல உள்ள இருக்கான்னு பாக்கலாம்." பீட்டர் பையிலிருந்து ஒரு பெரிய காந்தத்தை எடுத்தார். ராணியின் வயிற்றோரம் மெல்ல நகர்த்தினார். ஒன்றுமில்லை. விலாவுக்குக் கொண்டுபோனார். ஒன்றுமில்லை. கழுத்தருகே போனதும் காந்தம் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது.

"தொண்டையிலயே நிக்குதே!" என்று அலறினாள் அஞ்சம்மாள்.

"யம்மா, அது மாட்டோட இரும்பு மணி," என்றார் பீட்டர்.

அதற்குள் ஹம்ஸா மாமி உட்படத் தெருவே கூடிவிட்டது. விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னார்கள் சிலர். பொறுத்திருந்து சாணியில் பார்க்கலாம் என்றார் பீட்டர். நாளைக்குக் காலை ஆறு மணிக்குப் பாத்திரம் ஏற்ற வேண்டுமே என்று ஆராவமுதன் முனகினார். இந்தக் களேபரத்தில் பூஜையை முடித்துக்கொண்டு கோதைநாயகி வெளியே வந்தாள்.

"எதுக்கு எல்லாரும் மாட்டைச் சுத்தி நிக்கறேள்?"

சொன்னார்கள்.

"போல்ட்டா? குட்டையா, கறுப்பா, தலை ஆறு பட்டையா இருக்குமே, அதுவா?"

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"குழாயடியில கெடந்ததேன்னா. ஒரே பிசுக்கு. புளி போட்டுத் தேய்ச்சு அலமாரியில வெச்சிருக்கேன்."

உள்ளே போய்க் கொண்டுவந்தாள். போல்ட் பளபளவென்று மின்னியது. எல்லாரும் ஆராவமுதனைப் பார்த்தார்கள்.

"நான் எண்ணித்தான் வெச்சேன்," என்றார் அவர், பலவீனமாக.

"எம் மாட்ட திருடின்னு சொன்னீங்களே!" அஞ்சம்மாள் ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆராவமுதன் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அது போதாது என்று அவள் முறைத்ததும், மாட்டிடமும் ஒரு தடவை கேட்டார்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பீட்டர் நீளம் பார்த்து எது எங்கே என்று பிரித்து, போல்ட்டுகளுக்கு எண்ணெய் தடவி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் இறுக்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆராவமுதன் உரக்க எண்ணினார், இந்தத் தடவை பத்து வரைக்கும். புது கூலன்ட் ஊற்றி, ஆயிலையும் மாற்றினார்கள்.

மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பினார் பீட்டர். இஞ்சின் இருமியது, நின்றது. டீசல் குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி திருப்பினார். இருமியது, கனைத்தது, பிறகு தடதடவென்று பிடித்துக்கொண்டது. பின்னால் வெள்ளையாகக் கொஞ்சம் புகை வந்தது. அது மெலிந்து, மெலிந்து, கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

பீட்டர் இறங்கிவந்தார். "சாமி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

ஆராவமுதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புகைக்குழாய்க்கு முன் குனிந்தார். கண்ணை மூடி நெஞ்சு நிறைய இழுத்தார். தெரு காத்திருந்தது. இன்னொரு தடவை இழுத்தார்.

"டீசல்," என்றார். "சுத்தமான டீசல்."

"ஸ்தோத்திரம்!" என்றார் பீட்டர். "கோவிந்தா!" என்றாள் அஞ்சம்மாள். ஹம்ஸா மாமி ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாத்திரங்கள் ஏறின. வண்டிக்கு ஏதாவது ஆனால் பக்கத்திலிருந்தே ஓடி வரலாம் என்று பீட்டர் சர்ச்சுக்குப் போய்விட்டு நேராகக் கவரைப்பேட்டைக்கே வந்துவிட்டார். வழியில் ஒன்றும் ஆகவில்லை. மண்டபத்து வாசலில் ஆராவமுதன் தேவைக்கு மேலேயே ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கினார்.

சமையல் முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. வற்புறுத்தி பீட்டரையும் உட்காரவைத்தார். சாம்பார் சாதம் இரண்டு வாய் சாப்பிட்ட பீட்டர் நிறுத்திவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். எல்லாரும் மரியாதையாக மென்றுகொண்டிருந்தார்கள். பரிமாறிக்கொண்டு வந்த ஆராவமுதனைச் சைகையால் குனியச் சொன்னார்.

"சாமி, தப்பா எடுத்துக்காதீங்க. சாம்பார்ல உப்பே இல்ல."

"இல்லையா? மோந்து பாத்தேனே!"

"இத்தினி நாளா வண்டிப் பொகையத்தானே மோந்துக்கினு இருந்தீங்க."

ஆராவமுதன் விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனார். அண்டாவின் மேல் குனிந்து இழுத்தார். வந்தது டீசல் வாசனை. சுற்றுமுற்றும் பார்த்தார். இது கோயில் இல்லை, தடை ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஏதோ குற்றம் செய்வதுபோல ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தார். முகம் போன போக்கைப் பார்த்துக் கூடச் சமைக்க வந்திருந்த கோதைநாயகியே உப்பு ஜாடியை எடுத்து நீட்டினாள்.

இரண்டாம் பந்திக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதா என்று நிச்சயம் செய்துகொள்ள, பீட்டர் அந்தப் பந்தியிலும் உட்கார்ந்தார்.